கடைசி மிதிவண்டிக்காகக் காத்திருப்போம்

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால், அக்காற்றில் 12 பேர் கொண்ட குழு ஒன்று சிதறியதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் காற்றினுடையது மட்டுமன்று, என்னுடையதுந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாத ஞாயிறு ஒன்றில், எங்கள் மிதிவண்டிக் கழகத்தார் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் புறப்பட்டோம். தூரம் ஏறத்தாழ 30 கி.மீ. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து கிழக்கு நோக்கி வீசும் பகுதி அது. நாங்களும் கிழக்கு நோக்கியே சென்றோம். தென்னந்தோப்புகளின் ஊடே வண்டிகள் மிதிக்காமலே ஓடுவன போல ஓடின. நம் கால்களுக்கு எவ்வளவு வலிமை என்று பூரித்துப் போனோம்!

திரும்பும்போதுதான் உண்மை தெரிந்தது. காற்று முகத்தில் அறைந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் முன்னே விரைந்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பின்தங்கினான். பொள்ளாச்சியில் நாங்கள் தேநீர் குடித்து முக்கால் மணி நேரம் கழிந்த பிறகே தனியாக வந்து சேர்ந்தான். "இன்னும் நன்றாகப் பழக வேண்டும், தம்பி" என்றேன். தலையாட்டினான். அடுத்த மாதப் பயணத்திற்கு அவன் வரவில்லை. அதன் பின்னும் வரவேயில்லை.

நான் சொன்னது நியாயமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றுத் தடை, காற்றைப் பொறுத்த நமது வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கிறீர்கள், காற்றும் அதே வேகத்தில் முதுகுப் பக்கமிருந்து வீசுகிறது என்று கொள்வோம். அப்போது காற்றுத் தடையே இல்லை. அதே காற்று எதிரே வீசினால், காற்றைப் பொறுத்த வேகம் 30 கி.மீ. ஆகிறது. காற்றில்லாத நாளில் இருக்கும் தடையைப்போல் 4 மடங்கு! போகும்போது நாங்கள் எங்கள் திறமை என்று நினைத்தது காற்றின் தயவே.

இன்னொன்றும் உண்டு. தசையின் நிறை உடலின் கன அளவைச் சார்ந்தது. காற்று மோதுவதோ உடலின் பரப்பில். உருவம் சிறுக்கும்போது கன அளவு குறையும் அளவுக்குப் பரப்பு குறைவதில்லை. ஆகவே, எதிர்க்காற்று பெரியவரைவிடச் சிறுவனையே அதிகம் வருத்தும். அவனிடம் பயிற்சிக் குறைவு என்று நான் சொன்னது அறிவியலுக்கே பொருந்தாத பேச்சு.

அவனுக்கு எப்படி உதவியிருக்கலாம்? முன்னே செல்பவர் காற்றைத் தடுப்பதால், அவருக்குப் பின்னால் தடை குறைகிறது. மணிக்கு 40 கி.மீ. அளவில் செல்லும் பந்தய வீரர்களைச் சோதித்தபோது, ஒருவரை நெருங்கிப் பின்தொடர்பவருக்கு ஆற்றல் செலவு ஏறத்தாழக் கால் பங்கு குறைவதைக் கண்டார்கள். பின்தொடர்பவரால் முன்னவருக்கு நட்டமுமில்லை; மிக நெருக்கமாகச் சென்றால் அவருக்கும் தடை சிறிது குறையவே செய்கிறது.

"வலிமையுள்ளவர் ஏன் மெதுவாகப் போக வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். வேகத்தைக் காட்டப் பந்தயங்கள் இருக்கின்றன. கூட்டுப் பயணத்தின் நோக்கம் வேறு. பிரான்சு நாட்டில் ஆன்றி தெகிரான்சு என்பவர் 1904-இல் 'ஓடாக்ஸ்' பயண முறையைத் தொடங்கினார். அவரே 1903-இல் புகழ்பெற்ற 'தூர் த பிரான்சு' பந்தயத்தையும் தொடங்கியவர். ஆயினும், ஓடாக்ஸ் பயணத்தில் முந்துவதற்கு இடமில்லை. வழித்தலைவர் ஒருவர் வேகத்தைச் சீராக வைத்திருப்பார். குழு ஒன்றாகவே சென்று சேரும்.

நாமும் சில வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். காற்றுக் காலத்தில் முதலில் எதிர்க்காற்றில் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்றின் துணையைப் பெறலாம். வலிமையுள்ளவர்கள் முறைவைத்து முன்னே செல்லட்டும். அவர்களுள் ஒருவர் எப்போதும் கடைசியில் வரட்டும். சாலையோரமாக ஒற்றை வரிசையில் செல்லுங்கள். பழகாதவர்கள் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிச் செல்லக் கூடாது. ஒரு வண்டி நீளமாவது இடைவெளி வேண்டும். காற்றின் தடை அப்போதும் ஓரளவு குறையும்.

இப்போது எங்கள் கழகத்தில் குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் கடைசியில் வருபவரே. வீடு திரும்ப அரை மணி தாமதமாகிறது. ஆனால், ஒருவரும் நின்றுவிடவில்லை. உங்கள் பள்ளி நண்பர்களோடு நீங்கள் புறப்படும்போது, பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கடைசி வண்டி கண்ணுக்குத் தெரியாவிட்டால், நில்லுங்கள்.