தன்னாட்சி கேட்ட கையே தலைநகரின் வாயை அடைத்தது!

1973-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் சென்னை மாநகராட்சியின் மாமன்றம் கலைக்கப்பெற்றது. கலைத்தது தில்லியன்று, தமிழக அரசே கலைத்தது. அன்றிலிருந்து ஐந்து திங்கள் முடிவதற்குள், 1974 ஏப்பிரலில், அதே அரசு மாநிலங்களுக்குத் தன்னாட்சி வேண்டுமெனச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் நேரியதே. மாநில ஆட்சிகளைக் கலைக்க வழிதரும் 356-ஆம் பிரிவை நீக்கிவிட வேண்டுமென்று 1971-இல் இராசமன்னார் குழு சொன்னதும் நேரியதே. ஆனால், தில்லி தமக்கு எதனைச் செய்யக்கூடாது என்று கோட்டையிலிருந்தோர் கேட்டனரோ, அதனையே தம் கண்ணெதிரில் இருந்த மாநகர்க்கு அவர்கள் செய்து முடித்திருந்தனர்.

பின்னர் 1976 சனவரி 31-ஆம் நாள் தில்லி அந்த அரசையே கலைத்தது. இரண்டு கலைப்பிற்கும் சொல்லப்பட்ட கரணியங்களுள் ஊழலும் ஒன்று. இரண்டிலும் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டிய மக்கள் கேட்கப்படவில்லை. இவ்வளவில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு அடுத்து வருவது: தில்லி கலைத்த தமிழகச் சட்டமன்றத்திற்கு 1977 சூனில், ஒன்றரை ஆண்டு முடிவதற்குள், மீண்டும் தேர்தல் நடந்தது. தமிழகம் கலைத்த சென்னை மாமன்றத்திற்குத் தேர்தல் நடந்தது 1996 அக்குதோபரில். ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்து! நெருக்கடிநிலை கொண்டுவந்த தில்லியே ஒன்றரை ஆண்டில் திருப்பித் தந்ததைத் தமிழ்பேசும் ஆட்சிகள் கால் நூற்றாண்டளவு தம் மடியிலேயே முடிந்துவைத்திருந்தன.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பிவிட முடியாது. கலைத்தது தி.மு.க. ஆட்சி, அதன்பின் பத்தாண்டிற்கு மேல் ஆண்டும் தேர்தல் நடத்தாதது அ.தி.மு.க. ஆட்சி, 1989-இல் மீண்டும் வந்தும் நடத்தாதது தி.மு.க. ஆட்சி; 1991-இலிருந்து ஐந்தாண்டு ஆண்டும் நடத்தாதது அ.தி.மு.க. ஆட்சி. இடையிடையே ஆளுநர்வழித் தில்லியும் ஆண்டது. அதற்கும் மாமன்றம் நினைவிற்கு வரவில்லை. 1986-இல் தமிழகத்து நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபொழுதுங்கூடத் தலைநகர் விலக்கியே வைக்கப்பட்டது. 1973-இல் பிறந்த சென்னைக் குழந்தை, தன் வட்டத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நாளைக் கண்டபொழுது அதற்கு வயது 23.

கலைப்பிற்குச் சொல்லப்பட்ட கரணியம் 'மசுட்டர் ரோல்' எனப் பேர்பெற்ற கூலிப்பட்டியல் முறைகேடு. முறைகேடு மறைக்கத் தக்கதன்று. ஆயினும் கணக்கில் கைவைத்தவரைத் தண்டிப்பது வேறு. கணக்குக் கேட்கும் மன்றத்தையே மூடுவது வேறு. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தன. அவ்வூரவை பார்ப்பனர்க்கே உரியதாக இருந்தது. உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அதன் குடத்தில் ஓலையில்லை. ஆதலின் அதனை மக்களாட்சியின் தாய்வீடு என்று மேடைதோறும் முழங்குதல் பொருந்தாது. ஆனால் அதன் விதியொன்று கருதத்தக்கது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு நிற்கலாகாது என்பதே அது. விலக்கப்பட்டவன் ஆள், வாரியமன்று. ஏரி வாரியத்தான் கணக்கில் தவறினால் ஏரி வாரியத்தையே எடுத்துவிடுக என்று அக்கல்லில் எழுதப்படவில்லை. வாரியம் போனால் ஏரியும் போகும் என்பது அன்றையோர்க்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் அதுதான் நடந்தது. மன்றம் வெறுமையாயிருந்த காலத்தில், மாநகராட்சியின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் கையைவிட்டுப் போயின. குடிசைப்பகுதிகள் 1970-லேயே தனி வாரியத்திற்குச் சென்றிருந்தன. எந்த நிலத்தில் எது எழலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திற்குச் சென்றது. 1978-இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திற்குச் சென்றன. இவற்றின் தலைமையில் அமைச்சரும் அலுவலரும் அமர்ந்தனர். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்க மாமன்றத்தில் ஒருவரும் இல்லை, மாமன்றமே இல்லையன்றோ! மாநகராட்சிக்கு மிஞ்சியவை குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்சாலைகள், பள்ளிகள், பிறப்பு இறப்புச் சான்று, சுடுகாடு போன்றன.

இதன் விளைவைச் சட்டநூலில் தேடவேண்டா. மழைக்காலத்தில் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு தெருமுனையில் நின்றால் போதும். முழங்கால் அளவு நீர் நிற்கிறது. அதில் மழைநீர் மாநகராட்சிக்குரியது. அதனோடு கலந்துவரும் சாக்கடை குடிநீர் வாரியத்திற்குரியது. நீர் வடியவேண்டிய கால்வாய் பொதுப்பணித்துறையின் வழிவந்த நீர்வளத்துறைக்குரியது. குறுக்கே கிடக்கும் இருப்புப்பாதையும் அதன்கீழுள்ள மதகும் தில்லியின் தொடர்வண்டித் துறைக்குரியன. முதன்மைச்சாலை நெடுஞ்சாலைத் துறைக்குரியதாக இருக்கலாம். நீரில் கிடக்கும் மின்வடம் மின்வாரியத்திற்குரியது. ஒரே தெருநீருக்கு ஐந்தாறு உடையவர்! வீட்டிற்குள் நீர் புகுந்தவளுக்கோ அது ஒரே நீர். அவள் வட்ட உறுப்பினரிடம் போனால், அவர் கையை விரிக்கிறார்; அவர் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. பெரும்பகுதி உண்மையாகவே அவர் கையில் இல்லை. 2015 திசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் இறங்கியபொழுது மாமன்றம் இருந்தது. உறுப்பினர் 200 பேரும் இருந்தனர். ஏரியின் மதகு அவர்கள் கையில் இல்லை.

இவ்வளவு நலிந்த மன்றமா, ஒருகாலத்தில் தமிழர் தலைநகரைக் காக்கக் குரல் எழுப்பிற்று என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். ஆந்திரம் பிரிந்த காலத்தில் சென்னையைத் தமிழர் இழக்கும் இடர் எழுந்தது. 1953-இல் செங்கல்வராயன் மாநகரத் தலைவராக இருக்க, ம.பொ.சி. முன்னின்று முயல, சென்னை தமிழர்க்கே உரியது என்று மாமன்றம் தீர்மானம் செய்தது. அவ்வாண்டு அக்குதோபர் முதல் நாள் ஆந்திரம் சென்னையின்றிப் பிறந்தது. தில்லிக்கு எதிரே ஒரு நகரம் தன் பெயரில் பேசமுடிந்த காலம் அது. அம்மன்றம் 1973-க்குப்பின் இருந்திருந்தால், குடிநீரும் நிலமும் கைமாறியபொழுது ஒரு சொல்லாவது சொல்லியிருக்கும்.

1992-இல் இயற்றி 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசமைப்புத் திருத்தம், நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்தாண்டே என்றும், அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டுமென்றும், இடையில் கலைத்தால் ஆறு திங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டுமென்றும் விதித்தது. நகரமைப்பு, குடிநீர், குடிசை மேம்பாடு உள்ளிட்ட 18 வேலைகளை நகராட்சிகளுக்கு உரியவையாக்கலாம் எனப் பட்டியலும் இட்டது. தில்லி தந்த சட்டம் என்பதற்காக அதனைத் தூற்ற வேண்டா. ஆயினும் அப்பட்டியலில் உள்ள எதனைக் கொடுப்பது, எதனைக் கொடாமல் இருப்பது என்பதை மாநிலத்தின் விருப்பிற்கே அது விட்டுவைத்தது. சென்னைக் கோட்டையின் விருப்பம் எத்தகையது என்பது தெரிந்ததே. 1996-இல் மன்றம் வந்தது, குடிநீர் வரவில்லை. மாநகரத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பதா, உறுப்பினர் தேர்ந்தெடுப்பதா என்பதுகூட ஆள்வோரின் கணக்கிற்கேற்ப மாறிக்கொண்டே இருந்தது: 1996-இலும் 2001-இலும் நேர்முகம், 2006-இல் மறைமுகம், 2011-இல் நேர்முகம், 2022-இல் மறைமுகம்.

2016 அக்குதோபரில் ஐந்தாண்டு முடிந்தது. அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலை, ஒதுக்கீட்டுக் குறைபாடு பற்றிய வழக்கில் சென்னை உயர்வழக்குமன்றம் நிறுத்தியது. குறையைத் திருத்தித் தேர்தலை நடத்த எத்தனை திங்கள் வேண்டும்? ஐந்தாண்டு நான்கு திங்கள் ஆயின! ஐந்தாண்டே வாழ்வுடைய மன்றம், ஐந்தாண்டிற்கு மேல் இல்லாமலே இருந்தது. அவ்விடைக்காலத்தில்தான் 2016 திசம்பரில் வார்தா புயல் நகரின் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சூலையில் சோலையார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் வண்டிக்காகக் குடங்களை வரிசையிட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய பெண்கள் தெருவிலேயே உறங்கினர். எந்தத் தெருவிற்கு எத்தனை வண்டி என்பதை யார் முடிவு செய்தார்கள், எந்த முறையில் என்று கேட்க அவர்களுக்கு ஓர் உறுப்பினர் இல்லை. 2020-இல் கொரோனா வந்தபொழுதும் இல்லை.

தில்லி இவ்வெறுமையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 2015-இல் அது அறிவித்த 'சீர்மிகு நகர'த் திட்டத்தின் பணம் மாமன்றத்தின் வழி வரவில்லை; அதற்கெனத் தனிக் குழும்பு ஒன்று தொடங்கப்பட வேண்டுமென்பதே திட்டத்தின் விதி. அவ்வகையில் 2019 நவம்பரில் தியாகராயர் நகரின் பாண்டிக் கடைத்தெருவில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. நடைபாதை நன்றாகவே உள்ளது. அப்பணத்தைத் தியாகராயர் நகரில் செலவிடுவதா, தண்டையார்ப்பேட்டையில் செலவிடுவதா என்ற வழக்காடல் மட்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த மன்றத்திலும் நடக்கவில்லை. மாநகராட்சியை நாடோறும் நடத்தும் ஆணையரோ தில்லி தேர்ந்தெடுத்துக் கோட்டை அமர்த்தும் இந்திய ஆட்சிப்பணி அலுவலர். உள்ளாட்சிக்கு ஓரளவு வாழ்த்துச் சொன்ன இரிப்பன் என்னும் ஆங்கிலேயனின் பெயரைத் தாங்கிய மாளிகையில் இத்தனையும் நடந்தன.

இன்னும் ஒரு கொடுமை பலர் கண்ணில் படாதது. கூவத்தின் கரையிலும் கடற்கரையோரத்திலும் பல தலைமுறை வாழ்ந்த உழைப்பாளிக் குடும்பங்கள், 2000-ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்திற்கும் ஏற்றிச்செல்லப்பட்டன. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் நகருக்குள்ளேயே இருந்துவிட, ஆள்கள் மட்டும் வெளியே போயினர். அரசனையே கேள்வி கேட்டவளின் பெயரை அக்குடியிருப்பிற்கு இட்டவர்கள், அங்குச் சென்றோரின் கேட்கும் உரிமையைப் பறித்ததை எண்ணிப் பார்த்தார்களோ, தெரியவில்லை! கண்ணகி நகர் 2011 வரை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஓர் ஊராட்சியில் இருந்தது. பெரும்பாக்கம் 2022 தேர்தலின்பொழுதும் எல்லைக்கு வெளியேயே இருந்தது. நகரைத் துடைத்துக் கட்டிய கைகளுக்கு வீட்டோடு மாநகர வாக்கும் போயிற்று. எல்லைக்கோட்டிற்கு அப்பால் குடிவைத்துவிட்டால், அவர்களை வெளியேற்றிய நகரம் அவர்களுக்கு விடைசொல்ல வேண்டியதில்லை.

2022 பிப்பிரவரியில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வடசென்னையிலிருந்து ஓர் ஒடுக்கப்பட்ட குடியின் இளம்பெண் மாநகரத் தலைவரானார். மகிழத்தக்கதே. ஆயினும் வாக்களிக்க வந்தோர் நூற்றுவர்க்கு 43 பேரளவே. மாநகராட்சிகளுள் சென்னையே கடைசி. இதனைக் கண்டு படித்தவர் சிலர், சென்னை மக்களுக்கு ஊர்ப்பற்றில்லை என்று எழுதினர். குடிநீரைத் தரமாட்டாத, ஏரியைத் திறக்கமாட்டாத, வீட்டை இடிப்பதைத் தடுக்கமாட்டாத ஒரு மன்றத்திற்கு வரிசையில் நின்று வாக்களிக்க 43 பேர் வந்ததே மிகுதி எனலாம். அவ்வுறுப்பினருள் பலரும் தம் வட்டத்து மக்களைவிடத் தம் கட்சி மாவட்டச் செயலாளரையே மிகுதியாக அஞ்சுகின்றனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. கையில் வேலையில்லாதவன் தலைவன் வீட்டு வாயிலில் நிற்கத்தான் செய்வான்.

மாநிலத் தன்னாட்சி வேண்டுமென்னும் கோரிக்கை வலுவிழக்கக் கூடாது. தில்லி பறித்தவை பலவும் திரும்பப் பெறப்பட வேண்டியவையே. ஆனால் உள்ளாட்சி என்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் ஐந்தாம் வரிசை. குடிநீர் வாரியத்தை மாமன்றத்திற்கு விடைசொல்லும் துறையாக்கவும், நிலப்பயன் மாற்றத்திற்கு மாமன்றத்தின் இசைவைக் கட்டாயமாக்கவும், வெளியேற்றப்பட்ட குடும்பங்களை நகரத்தின் எல்லைக்குள்ளேயே குடியமர்த்தவும், இப்பொழுதுள்ள மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்திமுடிக்கவும் தில்லியிடம் எவரும் கையேந்த வேண்டியதில்லை. கோட்டையில் ஒரு சட்டமுன்வரைவும், அதற்குக் கையுயர்த்தும் பெரும்பான்மையும் போதும்.