நிலக்கரி பெருகியது, நிரந்தர வேலை சுருங்கியது

1975 நவம்பரில் கோல் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் ஆண்டு உற்பத்தி 7 கோடியே 90 லட்சம் டன். 2024-25-ல் அது 78 கோடி டன்னை எட்டியது. ஏறத்தாழ பத்து மடங்கு உயர்வு. ஆனால் 1980-களில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த ஊழியர் எண்ணிக்கையோ 2025-ல் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டது.

இதற்கு இயந்திரங்கள் மட்டும் காரணமல்ல. பூமிக்கடியில் இறங்கிக் கரி வெட்டிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது 100-க்கு 95 பங்குக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. மேல்மண்ணை அகற்றுவது, கரியை லாரியில் ஏற்றி ரயில்வே சைடிங்கில் சேர்ப்பது போன்ற வேலைகளில் பெரும் பகுதி காண்ட்ராக்டர்களிடம் விடப்படுகிறது. அவர்களுடைய ஆட்கள் நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் சேருவதில்லை.

1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் படிப்படியாகத் தேசியமயமானது ஏன் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தனியார் முதலாளிகள் பாதுகாப்பைக் கவனிக்கவில்லை, கூலியையும் பிராவிடண்ட் பண்டையும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட முக்கிய காரணங்களுள் ஒன்று. வாசல் வழியே வெளியேற்றிய முறையைக் கொல்லை வழியே உள்ளே விடலாமா?

இது வெறும் சம்பளப் பிரச்னை அல்ல. 2016 டிசம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் மாண்டனர். அவர்கள் காண்ட்ராக்ட் கம்பெனியின் தொழிலாளர்கள். 2023 மே மாதம் கையெழுத்தான 11-வது தேசிய நிலக்கரிச் சம்பள ஒப்பந்தம் நிரந்தரத் தொழிலாளருக்கு 19 சதவீத உயர்வைப் பெற்றுத் தந்தது. பக்கத்திலேயே லாரி ஓட்டுபவருக்கு வேறு கூலி விகிதம்.

ஒடிசாவின் தால்சேர் கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. தமிழ்நாட்டில் விளக்கு எரிவதிலும் இவர்கள் உழைப்பு இருக்கிறது.

காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலையை ஒப்படைத்த நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970-ம் ஆண்டுச் சட்டமே கூறியது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு நீடிக்கிறது. நிலக்கரிச் சுரங்க பிராவிடண்ட் பண்டில் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் இடம் உண்டு. எனவே, சம்பளச் சீட்டும் பண்டு கணக்கு எண்ணும் ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்ததைச் சரிபார்த்த பிறகே காண்ட்ராக்டரின் பில்லை நிறுவனம் பாஸ் செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.