ரெண்டு வாரத்து சிமெண்ட்

நம்மூரில் 'டெம்ப்ரவரி' என்று வந்த எதுவும் லேசில் போகாது. பல்லில் வைக்கிற டெம்ப்ரவரி சிமெண்ட் மட்டும் யோக்கியம். சில வாரங்களில் தேய்ந்து கிளம்பிவிடும்!

இதில் பழைய ரகம், துத்தநாக ஆக்ஸைடு பவுடரை யூஜினாலில் குழைத்தது. யூஜினால் வேறொன்றுமில்லை, கிராம்புத் தைலத்தின் சாரம்தான். பல்வலிக்குப் பாட்டி கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னாளே, அதே வைத்தியம். டாக்டர் பிறகு சுலபமாகக் கழற்ற வேண்டுமே என்று, வேண்டுமென்றேதான் இதைப் பலமில்லாமல் செய்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்கு ரூட் கனால் செய்து இப்படி அடைத்துவிட்டு, "ரெண்டு வாரத்துல வாங்க, கேப் போட்டுடலாம்" என்றார் டாக்டர்.

"வலியே இல்லையேடா, எதுக்கு தண்டச் செலவு?" என்று ஆறு மாதம் ஓட்டினார் சித்தப்பா. நரம்பையே எடுத்த பிறகு வலி எங்கிருந்து வரும்?

பி.காம். பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். கணக்கு டாலி ஆன மாதிரி தெரியும். தப்பு உள்ளேயே இருக்கும். சித்தப்பா பல்லிலும் சிமெண்ட் தேய்ந்து, எச்சில் கசிந்து, கிருமிகள் குடியேறின. ஒரு தீபாவளி முறுக்கில் பல் ரெண்டாகப் பிளந்தது. பிடுங்கியாயிற்று.

ஆகவே சார், அந்தப் பக்கம் கடிக்காதீர்கள். ஜவ்வு மிட்டாய் கூடாது. டெம்ப்ரவரி கேப் கழன்றால், கடையில் விற்கும் பசையைத் தடவாமல், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முக்கியமாக, சொன்ன தேதியில் போங்கள்.

இம்ப்ளான்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் சித்தப்பாவுக்கு நிஜமாகவே வலித்தது.