நீல நிறம் யாருக்குச் சொந்தம்?

பொம்மையார்பாளையத்துக் கரையில் நின்று பார்த்தால் மேலே வானமும் நீலம், எதிரே கடலும் நீலம். காரணம் கேட்டால், "பகவான் நீலமேனியன், அந்தச் சாயல்தான் அது" என்று சொல்லப் புராணிகர்களுக்குப் பஞ்சமில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சாயங்காலம் அதே வானம் சிவந்து போகிறதே, அப்போது பகவானுக்கு என்ன நேர்ந்தது? இதைக் கேட்டவன் நாஸ்திகன் என்பதோடு அவர்கள் விசாரணை முடிந்தது.

நிற்க, இங்கிலாந்தில் ராலே என்னும் அறிஞர் 1871-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வெயில் மிக நுண்ணிய துகள்களில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. அதிலே சிவப்பைவிட நீலம் பல மடங்கு அதிகமாய்ச் சிதறுகிறது. காற்றின் மூலக்கூறுகளே இதற்குப் போதும் என்று 1899-ல் சொன்னார். ஆனால் கடல் நீலம் மட்டும் வானத்தின் பிரதிபிம்பமே என்று சொல்லிவிட்டார்.

பெரியவர் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் இருந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921-ல் கப்பலில் போய்வந்தபோது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு படிகத் துண்டைக் கண்ணில் வைத்து, நீர்மேல் பட்டுவரும் வான வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! தண்ணீரும் ஒளியைச் சிதறச் செய்கிறது என்று எழுதினார். (தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுவதும் ஒரு முக்கிய காரணம்.) ராலேயை மறுத்ததற்காக அவரை யாரும் சாதிப்பிரஷ்டம் செய்துவிடவில்லை.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சில ஜெட் விமானங்களின் பின்னால் ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்று பீறிடுகிறது. அதன் காதடைக்கும் சத்தம் தாரையில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று அறிய, அங்கங்கே காற்றின் அடர்த்தியை அளக்கவேண்டும். கருவியை உள்ளே நுழைத்தாலோ அதுவே அதிர்வலையை உண்டாக்கித் தாரையைக் கெடுத்துவிடும். ஆகவே, 1960-ல் பிறந்த லேசர் ஒளியை அமெரிக்க நாசாவின் கிளென் நிலையத்தார் உள்ளே செலுத்தினார்கள். காற்றுக்கூறுகள் இரட்டித்தால் சிதறும் ஒளியும் இரட்டிக்கும். ஆகையால் அதை எண்ணினால் அடர்த்தி தெரிந்துவிடும்.

தொல்லை கொடுத்தது தூசிதான். ஓலைக்கூரைப் பொத்தல் வழியே விழும் வெயிலில் தூசி எப்படி மின்னுகிறது! அதை வடிகட்டி நீக்கிய பிறகே அளந்தார்கள். வெளியே மைக்கும் வைத்து, அடர்த்தியின் நடுக்கத்தையும் சத்தத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒலியைப்போல் 1.4, 1.8 மடங்கு வேகமுள்ள தாரைகளில், சத்தத்தோடு அதிகம் ஒத்துவந்தது விளிம்பின் நடுக்கமல்ல, தாரையின் நடுக்கரு தேய்ந்து முடிவதற்கு அப்பாலுள்ள மத்தியப் பாகத்தின் நடுக்கமே என்று 2002-ல் வெளியிட்டார்கள்.