எல்லைக்காணிக்காரனும் ஓர் ஆராய்ச்சி விண்ணப்பமும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஆகாரத்தை முடித்துக்கொண்டு விடைத்தாட் கட்டை நாம் அவிழ்த்த வேளையிற் படலை திறந்தது. வந்தவர் நம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்துப் பின்னர் கொழும்பிற் சட்டம் பயின்ற ஓர் இளைஞர். இன்று யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் ஓரளவு பெயரும் எடுத்திருக்கிறார். “சேர், ஒரு சிபார்சுக் கடிதம் வேணும்” என்றவர், கையிலிருந்த கோப்பை மேசைமீது வைத்தார். அமெரிக்காவிலுள்ள சட்டக் கல்லூரி ஒன்றில், சட்டமும் யூதவியலும் சேர்ந்த துறையில், ஓராண்டு ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலுக்கு அவர் விண்ணப்பிக்கிறாராம்.

வாசகர்களுள் சிலர் புருவத்தை உயர்த்தலாம். நாமும் உயர்த்தினோம். அவருடைய தாயாரோ அதற்கு முன்பே உயர்த்திவிட்டார். கணவனை இழந்து, தையல் மெஷினை நம்பி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் அந்த அம்மையார். “சைவப் பிள்ளைக்கு யூதற்றை சட்டம் என்னத்துக்கு மாஸ்ரர்?” என்று மறுநாளே நம்மிடம் வந்து கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பரிசிலிற் பட்டம் எதுவும் கிடையாது. ஓராண்டு அங்கிருந்து வாசித்து எழுதுவதற்கு உதவிப்பணமும் நூல்நிலையமும் தருவார்கள், அவ்வளவே. ஆண்டு முடிந்து திரும்பும்போது கட்சிக்காரர்கள் வேறு அட்வகேட்டைத் தேடிப் போயிருப்பார்கள். வீட்டிலோ தங்கை ஒருத்தி கலியாணத்துக்கு இருக்கிறாள்.

எனினும் பிறர் சட்டத்தைப் படிப்பது புதுமையன்று. டங்கன் டெரெட் என்னும் ஆங்கிலேயர் இலண்டன் சர்வகலாசாலையில் இந்து சட்டத்தை நெடுங்காலம் போதித்தார். அவரே 1970இற் புதிய ஏற்பாட்டிற் காணப்படும் சட்டத்தைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். நியூயோர்க் சர்வகலாசாலைச் சட்டக் கல்லூரியிற் சட்டத்துக்கும் யூத நாகரிகத்துக்குமென்றே ஒரு நிலையம் அமைந்து, யோசப் வைலர், மோஷே ஹல்பெர்ட்டல் ஆகிய அறிஞர் அதனை நடத்தினர். இத்தகைய இடங்களில் விண்ணப்பகாரனின் சமயத்தைப் பார்ப்பதில்லை. அவன் கேட்கும் கேள்வியைத்தான் பார்ப்பார்கள். இதைத் தாயாருக்குச் சொன்னோம். அவர் முகம் தெளியவில்லை.

அன்றிரவு கோப்பைப் பிரித்தோம். சுயவிபரம், முன்னர் எழுதிய கட்டுரையொன்று, இவற்றுடன் ஐந்து பக்க ஆராய்ச்சித் திட்டம். திட்டத்தின் தலைப்பு: ‘இந்து தருமமும் யூத சட்டமும்: ஓர் ஒப்பியல் நோக்கு.’ மனு முதல் மைமோனிதீஸ் வரை எல்லாரும் அதில் வந்துபோனார்கள். நடை அழகாயிருந்தது, நாமே வகுப்பிற் புகட்டிய நடையல்லவா? ஆனால் ஐந்து பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்த பின்னும், இந்த இளைஞர் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்பது நமக்கு விளங்கவில்லை.

யூதருடைய சட்டம் என்பது சிறு கடலன்று. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவையும், அதன்மேல் எழுந்த வாதப் பிரதிவாதங்களையும் கொண்டது பாபிலோனியத் தல்மூட். அச்சிட்ட வடிவில் அது 2,711 ஏடு. நாளுக்கு ஓர் ஏடாக வாசிக்கும் வழக்கமொன்று 1923ஆம் ஆண்டு முதல் உலகெங்குமுள்ள யூதரிடையே இருந்துவருகிறது. அவ்வாறு வாசித்தும் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஏழரை ஆண்டு செல்கிறது. அதற்கப்பால் மைமோனிதீசின் பெருந்தொகுப்பு, 1565இல் வெனிஸ் நகரில் அச்சேறிய யோசேப்பு காரோவின் சட்டநூல், ஊரூராக அறிஞர்கள் எழுதிய வினாவிடைத் தீர்ப்புகள். எபிரேய எழுத்துக்களைச் சென்ற ஆண்டுதான் படிக்கத் தொடங்கிய ஒருவர், ஓராண்டில் இவை எல்லாவற்றையும் மனுவோடு ஒப்பிடப் போகிறேன் என்றால், தெரிவுக்குழுவினர் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போவார்கள்.

கடிதத்தை மட்டும் நல்லபடி எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி ஒருதரம் செய்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்கு, ‘நாம் கண்ட மாணவருள் தலைசிறந்தவர், நன்னடத்தை மிக்கவர்’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். அவள் தெரிவாகவில்லை. நமது கடிதந்தான் காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் பின்னொரு நாள், அத்தகைய குழுவொன்றில் இருந்த நண்பரொருவர், ‘தலைசிறந்தவர்’ என்னும் கடிதங்கள் ஒரே நாளிற் பத்து வருமென்றும், மாணவர் செய்த ஏதாவதொரு காரியத்தைச் சொல்லாத கடிதத்தை அவர்கள் எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லையென்றும் சொன்னார். அந்த மாணவி பழைய நிலப்பத்திரங்களைத் தேடித் தேடிப் படித்தவள். அதில் ஒரு வரியை நாம் எழுதியிருக்கலாம்.

ஆகவே இளைஞரை மறுபடி அழைத்தோம். “தம்பி, இந்தச் சட்டத்தில் உம்மை நித்திரை கொள்ளாமற் செய்தது எது?” என்று கேட்டோம். முதலில் மைமோனிதீசைப் பற்றிப் பேசினார். பின்பு மெளனமானார். பின்பு சொன்னார்.

2015ஆம் ஆண்டில் அவர்களுடைய வளவுக்கு அடுத்த இரண்டு பரப்புக் காணி வெளியாளுக்கு விலைப்பட்டது. கிணற்றுக்குப் போகும் பாதையும் அத்தோடு போயிற்று. வேலியைப் பிரித்துவிட்டு மதில் எழுந்தது. தாயார் அந்தக் காணியை வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தாராம். ஆனால் வாங்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டுக்கொண்டபடி கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் எழுதிவைத்து, மறு ஆண்டு பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய தேசவழமையில், காணி விற்பவன் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. 1947இன் சட்டம் அந்த உரிமையைப் பங்காளிகளோடும் வாரிசுகளோடும் நிறுத்திவிட்டது. அயலவர் பட்டியலிலிருந்து மறைந்தார்.

“தல்மூட்டில அயலவன் இருக்கிறான், சேர்” என்றார் இளைஞர். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது.

இருக்கிறான்தான். பாபா மெத்ஸியா என்னும் பிரிவின் 108ஆம் ஏட்டில் ‘பார் மெத்ஸ்ரா’ என ஒருவன் வருகிறான். அராமிக் மொழியில் அதற்கு ‘எல்லையின் மகன்’ என்று பொருள். யூப்பிரத்தீசு நதிக்கரையிலிருந்த நெகர்தெயா நகரத்து அறிஞர் கருத்துப்படி, அடுத்த நிலத்தை வெளியான் வாங்கினால் எல்லைக்காரன் அதே விலையைக் கொடுத்து அவனை விலக்கலாம். நேர்மையானதையும் நல்லதையும் செய்யவேண்டும் என்னும் உபாகமக் கட்டளையே அதற்கு அடி. விலக்குகளும் உண்டு. நிலத்தைத் தானமாகக் கொடுத்தால் எல்லைக்காரன் பேசமுடியாது. வாங்குபவர் பெண்ணாகவோ அநாதைப் பிள்ளையாகவோ இருந்தால் முடியாது. விற்பவன் வரி கட்டவோ, உண்ணவோ, பிரேதம் அடக்கவோ காசு தேடுகிறான் என்றாலும் முடியாது. அவன் அயலவனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பசித்தவனுக்கு முன்னால் எல்லைக்காரனின் நியாயம் ஒதுங்கிக்கொள்கிறது. தேசவழமை வழக்குகளில் இத்தகைய ஒதுக்கம் எங்காவது தென்படுகிறதா என்பதே அவரை நித்திரை கொள்ளாமற் செய்த கேள்வி.

“இதையல்லவா முதற் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்?” என்றோம். அவர் முகம் சுருங்கியது. “வீட்டுக் காணிப் பிரச்சினையை வெளிநாட்டாருக்கு எழுதிறதோ சேர்? அம்மா கேட்டா அழுவா.” உண்மையைச் சொன்னால், நமக்கும் அது சங்கடமான யோசனையாகவே பட்டது. ஈற்றிற் காணியைப் பற்றி இரண்டே வசனம் என்று ஒத்துக்கொண்டோம்; ஊர்ப் பெயர் இல்லை, வாங்கியவர்மேல் குறை இல்லை. தாயாரிடமும் அந்த இரண்டு வசனத்தை வாசித்துக் காட்டவேண்டும் என்பது நமது நிபந்தனை.

மிச்சத்தை அவர் மூன்று இரவில் எழுதினார். மனு போனார், மைமோனிதீசுக்கு ஒரே பந்தி. எந்த ஏடுகளை வாசிப்பார், தேசவழமைத் தீர்ப்புகளில் எந்தக் காலத்தவற்றை எடுப்பார், ஆண்டு முடிவில் என்ன கட்டுரை கையில் இருக்கும் என்பன எல்லாம் தெளிவாயின. அராமிக் மொழியில் தமக்கு இன்னும் மொழிபெயர்ப்பின் துணை வேண்டும் என்பதையும், அங்கு அதைக் கற்க எண்ணுவதையும் மறைக்காமல் எழுதச் சொன்னோம். அதற்குத்தான் அதிகம் தயங்கினார். அந்த வரியை இரண்டுதரம் அழித்துவிட்டு மூன்றாம்தரம் இருக்கவிட்டார்.

நமது கடிதத்தில் ‘தலைசிறந்தவர்’ இல்லை. பதினேழு வயதில், வகுப்பில் நாம் பிழையாகச் சொன்ன ஓர் ஆண்டை, பாடம் முடிந்து எல்லாரும் போனபின் வந்து மெதுவாகத் திருத்தியவர் இவர் என்று எழுதினோம்.

விண்ணப்பம் போய்விட்டது. சென்ற வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தாயாரைக் கண்டோம். அந்த இரண்டு வசனத்தையும் மகன் வாசித்துக் காட்டினானாம். அழவில்லை என்றார். கிணற்றுப் பாதை எட்டு அடி அகலம், மகன் ஆறு என்று எழுதிவிட்டான், அதை இனித் திருத்த முடியுமா என்று கேட்டார்.