நாய்க்கு எஜமான் யார்?

கீழ்க்கட்டளைத் தெருக்களில் நடந்து செல்பவரின் கண்ணுக்கு எல்லைக்கோடு ஒன்றும் தெரியாது. ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜுகளின்படி அங்கே மூன்று விதமான ஆட்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கீழ்க்கட்டளை பழைய பல்லாவரம் நகராட்சியைச் சேர்ந்தது. அந்த நகராட்சி 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் புதிய தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. பக்கத்திலுள்ள மடிப்பாக்கமோ 2011 முதல் சென்னைக் கார்ப்பரேஷனுக்கு உட்பட்டது. மூவரசம்பட்டும் கோவிலம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது ஊராட்சிகளாகவே விடப்பட்டவை. இந்தப் பிரிவினைகளை மனிதர்கள் அறிவார்கள், நாய்கள் அறியா. மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் வாயிற்கதவு திறந்து கிடந்தால், சிறிது நேரத்தில் அவ்வீட்டு நாய் கீழ்க்கட்டளைப் பஸ் நிலையத்தில் திரியக்கூடும். அங்கே பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையொன்றின் காலை அது கவ்வினால், கேட்கவேண்டியது யாரை?

"நகரசபையைக் கேளுங்கள்" என்று பதில் சொல்லி நாம் பழகிவிட்டோம். நகரசபைகளின் அசட்டையைக் கண்டிப்பதில் நாம் எவருக்கும் பின்வாங்குவதில்லை. இங்கும் கண்டிக்கவேண்டியது உண்டு. ஆயினும் முதற் பதில் அதுவன்று. நாயை எவன் வளர்க்கிறானோ அவனே முதற் பொறுப்பாளி என்பது நம் அபிப்பிராயம். சட்டத்தின் அபிப்பிராயமும் அதுவே.

விஷயம் அற்பமென்று எவரும் நினைக்கவேண்டாம். தமிழ்நாட்டில் 2023-ம் வருஷத்தில் சுமார் 4.41 லட்சம் பேர் நாய்க்கடி பட்டதாகவும், வெறிநாய்க்கடி நோயால் 18 பேர் மாண்டதாகவும் பொதுச் சுகாதார இலாகாவின் கணக்கு கூறிற்று. அடுத்த வருஷமாகிய 2024-ல் கடிபட்டோர் தொகை சுமார் 4.80 லட்சமாயிற்று, மாண்டவர் தொகை 43 ஆயிற்று. இந்நோய் கண்டபின் பிழைத்தவர் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆனால் நோய் வருமுன் தடுப்பதற்கோ நிச்சயமான வழி உண்டு. 1885-ல் பிரான்ஸ் தேசத்தில் லூயி பாஸ்ச்சர் அவ்வழியைக் காட்டினார். 1907-ம் வருஷத்திலேயே நம் குன்னூரில் பாஸ்ச்சர் ஸ்தாபனம் ஏற்பட்டுவிட்டது. நூறு வருஷங்களுக்கு மேலாக மருந்தை நம் மலையின்மேலேயே வைத்துக்கொண்டு, இன்னும் நம் ஜனங்கள் இந்நோயால் சாவது விதியென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளக்கூடியதா? அது முழுக்க முழுக்க நம் அசட்டையின் பலன்.

"கடிப்பதெல்லாம் தெருநாய், எங்கள் வீட்டு நாய் சாது" என்று சொல்லுவோர் அநேகர். அவர்கள் இரண்டு சம்பவங்களை நினைத்துப் பார்க்கட்டும். 2024-ம் வருஷம் மே மாதத்தில் நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் ரோட்டிலுள்ள பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறியவை, எஜமானுள்ள இரண்டு ராட்வைலர் நாய்கள். 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு மனிதரின் உயிரைக் குடித்தது வீட்டில் வளர்த்த பிட்புல் நாய். இவ்விரண்டும் தெருவில் பிறந்தவை அல்ல. விலை கொடுத்து வாங்கப்படும் ஜாதிகள். மனிதர்தாம் அவற்றை வேண்டுமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தனர்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவை நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டும். தன் வசத்திலுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்க, அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டை அறிந்தோ அஜாக்கிரதையாலோ செய்யாதவனுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய பீனல் கோடின் 289-வது பிரிவில் அபராதம் 1,000 ரூபாய். இப்பொழுது அது ஐந்து மடங்கு. இதில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாய் கடித்த பிறகுதான் குற்றம் என்று இப்பிரிவு கூறவில்லை. ஆபத்து நேரக்கூடிய நிலையில் பிராணியைக் கட்டுக்கடங்காமல் விட்டிருப்பதே குற்றம். இந்த விதி மடிப்பாக்கத்துக்கு ஒன்று, கீழ்க்கட்டளைக்கு ஒன்று என்றில்லை. தேசம் முழுவதற்கும் ஒன்றே.

அடுத்தது, மத்திய சர்க்கார் 2023 மார்ச்சு மாதத்தில் பிரசுரித்த பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். வீட்டுநாய்க்குத் தடுப்பூசி போடுவதும், குடற்பூச்சி மருந்து கொடுப்பதும், கருத்தடை செய்விப்பதும் சொந்தக்காரனின் கடமையென்று அவை வகுக்கின்றன. தெருநாய்க்கு இவற்றைச் செய்யும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனத்துடையது. இதைக்காட்டிலும் தெளிவாகப் பாகப்பிரிவினை செய்ய முடியாது.

மூன்றாவது, 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டம். இச்சட்டத்துக்கு வித்திட்டவர் நம் நாட்டுப் பெண்மணியாகிய ருக்மிணிதேவி அருண்டேல். ராஜ்யசபையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவே பின்னர் சர்க்காரின் சட்டத்துக்கு வழிகோலியது. அதன் 11-வது பிரிவின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். நாயை நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதும், எப்பொழுதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாடவிடாதிருப்பதும், தொற்றுநோய் கண்ட பிராணியைத் தெரிந்தே தெருவில் விடுவதும் குற்றம். ஆனால் முதற்குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையில்தான்! ஒரு ஜீவனைத் தெருவில் எறிந்துவிட்டுப் போவதற்கு இரண்டு கோப்பைக் காப்பியின் விலைதான் தண்டனை என்றால், அது சட்டமா, பரிகாசமா? பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகளாக அமர்ந்திருப்போர் இந்தத் தொகையை உயர்த்தும்படி வற்புறுத்தவேண்டும்.

நாய் வளர்ப்போருக்கு உரிமைகளும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அடுக்குமாடி வீடுகளின் சங்கங்கள் பெரும்பான்மை வோட்டைக் கொண்டு நாய் வளர்ப்பதையே தடுத்துவிட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல போர்டு 2015-ல் தெரிவித்திருக்கிறது. நாய்க்கு விஷம் வைப்பவனும் அடித்து ஊனப்படுத்துபவனும், நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை சிறை செல்ல நேரும். இவை நியாயமான பாதுகாப்புகளே. ஆனால் உரிமையைப் பிடித்துக்கொண்டு கடமையைக் கைவிடுகிறவன் பிரஜை என்னும் பெயருக்குத் தகுந்தவனல்லன். வீட்டுக்குக் காவல் வேண்டும். ஆனால் கழுத்துவார் இல்லாமல் தெருவில் அவிழ்த்துவிடவேண்டும். அழகான குட்டி வேண்டும். ஆனால் அது வளர்ந்து நோயுற்றதும், அல்லது வாடகை வீடு மாறியதும், இரவோடிரவாக ஏரிக்கரையில் விட்டுவரவேண்டும். இத்தகைய எஜமானத்தனம் நம் புறநகர்களுக்குப் புதிதன்று. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை வெளியே விட்டுச் சுவர்க்கத்துக்குள் நுழைய மாட்டேன் என்று மறுத்த தருமபுத்திரன் கதையைக் கேட்டு உருகும் நாம், வாடகை வீட்டுக்காக நாயைக் கைவிடுவது என்ன தர்மம்?

இவ்விடத்தில் காந்தியடிகளின் அபிப்பிராயத்தை நினைவூட்டுவது பொருந்தும். 1926-ம் வருஷத்தில் அகமதாபாத்தில் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்வித்தபோது பெருங் கூச்சல் எழுந்தது. அஹிம்சையே உருவான காந்தியடிகள் அச்செய்கையை வேறு வழியற்றதென்று ஆதரித்து "யங் இந்தியா"வில் தொடர்ந்து எழுதினார். எஜமானின்றி நாய்கள் திரிவது சமூகத்தின் அறியாமைக்கு அடையாளம். இரக்கமுள்ளவன் நாயை வைத்துப் பேணவேண்டும். எச்சிலை எறிந்துவிட்டுப் போவது தர்மமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். கொலையை ஒப்புக்கொண்ட அவர் முடிவை இன்றைய சட்டம் ஏற்கவில்லை. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்துக்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் 1996-ல் புளூ கிராஸ் சங்கத்தின் முயற்சியால் தொடங்கின; 2001-ல் அதுவே தேசமெங்கும் விதியாயிற்று. முறை மாறியது நன்றே. ஆனால் அடிகள் கேட்ட கேள்வி மாறவில்லை: இந்த நாய்க்கு எஜமான் யார்?

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமையால்தான் தேசத்தின் மிக உயர்ந்த நியாயஸ்தலமே தெருவில் இறங்கவேண்டி வந்தது. 2025 ஆகஸ்டு 11-ல் டில்லிப் பிரதேசத்துத் தெருநாய்களையெல்லாம் காப்பிடங்களில் அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதே மாதம் 22-ல் மூன்று ஜட்ஜுகள் அதனைத் திருத்தி, வெறியும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றார்கள். உணவிடுவதற்குத் தனி இடங்கள் குறிக்கவும் சொன்னார்கள். நவம்பர் 7-ல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், மறுபடி அங்கே விடாதிருக்கவும் உத்தரவாயிற்று. கீழ்க்கட்டளைப் பஸ் நிலையத்தையும் இவ்வுத்தரவு கட்டுப்படுத்தும். ஆனால் பகலில் நகரசபை பத்து நாய்களை அகற்றினால், இரவில் குடியானவர்கள் பத்துக் குட்டிகளைக் கொண்டுவந்து போடுவார்களானால், கோர்ட்டுத்தான் என்ன செய்யும்?

ஆகவே நாய்க்கும் எஜமானுக்கும் உள்ள உறவு ஏட்டில் பதியவேண்டும். சென்னைக் கார்ப்பரேஷன் 2025-ல் வீட்டுநாய்களுக்கு லைசென்ஸையும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லையும் கட்டாயமாக்கிற்று. லைசென்ஸ் கட்டணம் 50 ரூபாய். லைசென்ஸ் இன்றி வளர்த்தால் அபராதம் 5,000 ரூபாய். வெறிநோய் ஊசி போட்ட அத்தாட்சி இல்லாமல் லைசென்ஸ் இல்லை. இது வரி வசூலிக்கும் தந்திரம் என்று முணுமுணுப்போர் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. தெருவில் விடப்பட்ட நாயைப் பிடித்ததும் அதன் எஜமான் பெயர் வெளிப்படுமானால், நாயைத் தெருவில் விடும் துணிவே பலருக்கு வராது. ஆனால் ஒரு கார்ப்பரேஷனின் ஏடு அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது. மடிப்பாக்கத்தில் பதிந்த நாயின் விவரம் கீழ்க்கட்டளையில் பிடிபட்டபோது தெரியவேண்டும். கோவிலம்பாக்கத்து நாயின் விவரம் பல்லாவரத்தில் தெரியவேண்டும். சென்னையும் தாம்பரமும் சுற்றுப்புற ஊராட்சிகளும் ஒரே ஏட்டை வைத்துக்கொள்ளவேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, தடுப்பூசி முகாம்களை எல்லையின் இருபுறத்திலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் என்பது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால்தான் நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கை. ஒரு பக்கம் எழுபதும் மறுபக்கம் இருபதுமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஆபத்தே. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதென்று மத்திய சர்க்கார் 2021-ல் திட்டம் வகுத்திருக்கிறது. திட்டத்தின் பலத்தைக் கீழ்க்கட்டளைத் தெருவில்தான் அளக்கவேண்டும்.

மூன்றாவது, லைசென்ஸ் ஏழையைத் துன்புறுத்தும் கருவியாகக் கூடாது. குடிசை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் எஜமான் உண்டு. ஊசிக்கும் கருத்தடைக்கும் அவனிடம் காசு கேட்டால் அவன் நாயை மறுத்துவிடுவான்; அது தெருநாயாகிவிடும். அவனுக்கு இவை இலவசமாகவே கிடைக்கவேண்டும். அபராதம் பங்களாவிலிருந்து தொடங்கட்டும்.

இனி, நம் வாசகர்களில் பொதுஜன ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் வோட்டர் ஜாபிதாவைக் கையில் பிடித்து வீடு வீடாக ஏறி இறங்குகிறீர்கள். அதே வீடுகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் நாய்களின் ஜாபிதாவோடு சென்றால் என்ன? ஊசி போட்டதா, கழுத்துவார் உண்டா, குட்டிகள் எங்கே போயின என்று கேளுங்கள். தெருநாய்க்குச் சோறிடும் தாய்மாரைப் பழிக்காமல், அவற்றை முகாமுக்குக் கொண்டுவர அவர்களுடைய உதவியை நாடுங்கள். அந்த நாய்கள் அவர்கள் குரலுக்கே வரும். கடிபட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவி, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும் என்றும், முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28-ம் நாட்களின் ஊசிகளைத் தவறவிடக்கூடாது என்றும் எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டதால் ஓர் உயிர் பிழைத்தாலும் அது பெரிய தேசத்தொண்டே.

சுயராஜ்யம் என்பது கோட்டையில் கொடி ஏற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. தன் வாசற்படியைத் தாண்டி அடுத்தவன் பிள்ளைக்குத் தன்னால் தீங்கு வராமல் காப்பதும் அதில் அடங்கும். நாயின் கழுத்திலுள்ள வாரின் மறுநுனி ஒரு மனிதனின் கையில் இருக்கவேண்டும். அந்தக் கையை எல்லைக்கோட்டின் இருபுறத்திலும் தேடிப் பிடிக்கும் வேலையைத் தாம்பரமும் சென்னையும் இன்றே தொடங்குமாக.