தைல மர வாசம் விதை முளைப்பைக் கெடுக்குமா?

கேள்வி: ‘எங்கள் மானாவாரி நிலத்தை ஒட்டிப் பக்கத்துக்காரரின் தைல மரத் தோப்பு இருக்கிறது. வரப்போரம் எள் விதைத்தால் சரியாக முளைப்பதில்லை. மர எண்ணெய்தான் காரணம் என்று சொல்லப்போய், இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுவிட்டது. உண்மை என்ன?’
- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: தைல இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் வாசம், பெரும்பாலும் சினியோல் என்ற எண்ணெய்ப் பொருளுடையது. மூடிய பாத்திரத்தில் இதன் ஆவி பட்டால், விதை முளைப்பதும் வேர் நீள்வதும் குறையும். சருகு ஊறி இறங்கும் சாறும் முளைப்பைத் தடுக்கக்கூடியது. எள், கீரை போன்ற சிறு விதைகள்தான் அதிகம் பாதிக்கப்படும். நிலக்கடலை போன்ற பெரிய விதைகள் ஓரளவு தாங்கும்.

ஆனால், திறந்தவெளியில் ஆவி காற்றோடு போய்விடும். மண்ணில் சேர்வதையும் நுண்ணுயிரிகள் சிதைத்துவிடும். எனவே, முழுப் பழியையும் எண்ணெய் மேல் போட முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் இதே வழக்கு எழுந்தது. அங்கே துளசிக் குடும்பத்து வாசனைப் புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குப் புல் முளைக்கவில்லை. எண்ணெய் ஆவிதான் காரணம் என்று 1964-ல் முல்லர் குழுவினர் எழுதினார்கள். 1970-ல் பார்த்தலோமியு என்பவர் அந்தப் பொட்டலில் எலி, முயல், பறவை நுழையாதபடி கூண்டு அடைத்தார். உள்ளே புல் முளைத்தது!

உங்கள் வரப்போரத்திலும் ஈரக்குறைவோ, நிழலோ, விதை தூக்கும் எறும்போ காரணமாக இருக்கலாம். கண்டுபிடிக்க மூன்று தொட்டிகள் போதும். முதல் தொட்டியில் வரப்போர மண், இரண்டாவதில் வயல் நடு மண், மூன்றாவதில் வயல் நடு மண்ணோடு மேலே தைலச் சருகு. ஒவ்வொன்றிலும் 50 எள் விதையுங்கள். ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். 7-ம் நாள் எண்ணுங்கள்.

இரண்டாவதிலேயே முளைப்பு குறைந்தால், விதை சரியில்லை. முதல் தொட்டியிலோ மூன்றாவதிலோ மட்டும் குறைந்தால், சருகின் மேல் சந்தேகம் வலுக்கும். சருகைக் கூட்டி அள்ளுங்கள். பச்சையாக மூடாக்குப் போடாமல், நன்றாக மக்கவைத்துப் பயன்படுத்துங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி முளைத்தால், மண்ணில் குற்றமில்லை. மர வேர் ஈரத்தை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். உங்கள் எல்லைக்குள் 3 அடி ஆழத்துக்குக் குழி எடுத்தால், பக்க வேர்கள் அறுபடும்.

7-ம் நாள் எண்ணும்போது பக்கத்துக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவானாலும், இருவரும் சேர்ந்து பார்த்ததாக இருக்கும்.